ஒரு பங்கின் பெயரேடு

"பங்கு" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கோவிலும், பங்குக் குருவும், ஞாயிறு பூசையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஸ்காட்லாந்து நாட்டிலே அந்தச் சொல் இன்னும் விரிந்த பொருளில் வழங்கியது. ஏழைகளுக்கு உதவுவதும், பள்ளி நடத்துவதும், பிறப்பு இறப்புகளைப் பதிவதும் பங்கின் எல்லையை வைத்தே நடந்தன. நம் பக்கத்து வருவாய்க் கிராமத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நாட்டு மக்களை எண்ண வேண்டும் என்று வந்தபோதும் அந்நாட்டார் பங்கு பங்காகவே எண்ணினார்கள்.

1755ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்துப் போதகர் அலெக்சாந்தர் வெப்ஸ்டர் என்பவர், பங்குப் போதகர்கள் தந்த விவரங்களைத் திரட்டி நாட்டின் மக்கள் தொகை 12,65,380 என்று கணித்தார். 1801இல் அரசாங்கமே முதன்முதலாகக் கணக்கெடுத்தபோது அந்த வேலை ஸ்காட்லாந்தில் பங்குப் பள்ளி ஆசிரியர்களின் தலையில் விழுந்தது. (தேர்தல் வேலையும் கணக்கெடுப்பு வேலையும் ஆசிரியர்களைத் தேடி வருவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்!) பிறகு 1855இல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைப் பதிவு செய்வது சட்டமாயிற்று. ஒவ்வொரு பதிவு வட்டத்துக்கும் ஒரு பதிவாளர் அமர்ந்தார். 1861 முதல் மக்கள் தொகைக் கணக்கும் எடின்பரோவில் இருந்த தலைமைப் பதிவாளரின் பொறுப்பாயிற்று.

நாட்டுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் சொல்லி முடிக்க இயலாது. ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் வெளி ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதன் தென்கோடியில் பாரா என்ற தீவும், அதைச் சுற்றிய சில சிறு தீவுகளும் சேர்ந்து ஒரே பங்கு. 1901இல் அங்கே சுமார் 2,500 பேர் இருந்தார்கள். மீன்பிடிப்பும் சிறு நிலப் பயிரும்தான் பிழைப்பு. கேலிக் மொழி பேசுகிறவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். காசில்பே என்னும் துறைமுக ஊரில், கடலின் விண்மீனாம் அன்னை மரியின் பெயரால் 1880களின் இறுதியில் எழுந்த கோவில் இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

1901ஆம் ஆண்டின் கணக்கு மார்ச் 31ஆம் நாள் இரவுக்கு உரியது. அது ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் புரட்டிப் பார்த்தால் அந்த ஆண்டு உயிர்ப்புத் திருநாள் ஏப்ரல் 7 என்று தெரிகிறது. ஆகவே மக்களை எண்ணிய அந்த நாள் குருத்து ஞாயிறு. பாரா தீவின் மக்கள் காலையில் குருத்தோலைப் பூசை கண்டு, இரவில் அரசாங்கத்தின் கணக்கில் ஏறினார்கள்.

ஏன் ஞாயிறு இரவு? அன்றைக்கு மக்கள் பெரும்பாலும் தத்தம் வீட்டில் இருப்பார்கள் என்பதே காரணம். அந்த இரவில் யார் எந்தக் கூரையின் கீழ் உயிரோடு இருந்தாரோ அவர் அந்த வீட்டுக் கணக்கில் சேர வேண்டும். இரவு வேலைக்குப் போய்த் திங்கள் காலை திரும்புகிறவர் வீட்டிலேயே எண்ணப்படுவார். விருந்தாளி தங்கியிருந்தால் விருந்தாளியாகவே பதிவு பெறுவார். கப்பலில் இருப்போரைக் கப்பல் தலைவரும், மருத்துவமனையிலும் சிறையிலும் இருப்போரை அந்தந்த நிலையத்தின் தலைவரும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வேலை அதற்கு முந்திய வாரமே தொடங்கிவிடும். பதிவாளர் தம் வட்டத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கெடுப்பாளரை அமர்த்துவார். இவர் வீடு வீடாகச் சென்று அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுத்து வருவார். பாரா போன்ற பங்கில் வீடு வீடாக என்றால் சதுப்பு நிலத்தையும் பாறையையும் கடந்து நடப்பது; சில தீவுகளுக்குப் படகில் போவது. ஞாயிறு இரவு குடும்பத் தலைவர் படிவத்தை நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை கணக்கெடுப்பாளர் மறுபடி வந்து வாங்கிக்கொள்வார். எழுதத் தெரியாத வீடானால் கதவருகே நின்று கேட்டு அவரே நிரப்புவார்.

அதே 1901ஆம் ஆண்டு, அதே அரசின் கீழ் நம் சென்னை மாகாணத்திலும் கணக்கெடுத்தார்கள். மார்ச் முதல் நாள் இரவு அது. இங்கே வீட்டார் கையில் படிவத்தைக் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. கணக்கெடுப்பாளர் முன்னதாகவே வந்து, கேட்டு, தம் கையாலே எழுதிவிட்டு, குறித்த இரவில் சரி பார்த்தார். எழுத்தறிந்தோர் மிகக் குறைவாக இருந்த நாட்டில் வேறு வழி ஏது?

மீண்டும் பாராவுக்கு வருவோம். திரட்டிய படிவங்களைக் கணக்கெடுப்பாளர் மேசைமீது அடுக்கி வைத்துக்கொண்டு, பெரிய ஏடு ஒன்றில் பெயர்த்து எழுதுவார். ஏட்டின் முதலில் தாம் நடந்த பகுதியின் எல்லையை விவரிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எந்தப் பங்கு, எந்தப் பள்ளி வட்டம், எந்த ஊர், எந்தத் தீவு என்று எழுதுவதற்குக் கட்டங்கள் உண்டு. அடியில் பத்திகள்: படிவ எண், வீட்டின் பெயர், ஆளின் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, வயது, தொழில், முதலாளியா கூலியாளா, பிறந்த இடம், கேலிக் பேசுவாரா, உடற்குறை உண்டா, கடைசியாகச் சாளரம் உள்ள அறைகள் எத்தனை. ஒரு குடும்பம் முடிந்தால் ஒரு சாய்கோடு, ஒரு கட்டடம் முடிந்தால் இரண்டு சாய்கோடு. ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம் குடியிருந்ததா என்பதை அந்தச் சிறு கோட்டை வைத்தே இன்று அறிய முடிகிறது.

பதிவாளர் ஏட்டைச் சரிபார்த்து எடின்பரோவுக்கு அனுப்புவார். அங்கே எழுத்தர்கள் வரிவரியாக எண்ணிக் கூட்டினார்கள். எண்ணிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். அந்தக் கோடு சில வேளை வயதின்மீதே விழுந்து, அது 3 ஆ 8 ஆ என்று இன்று படிப்பவர்களைத் திண்டாட வைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பத் தலைவர் தம் கையால் எழுதிய படிவங்கள் ஸ்காட்லாந்தில் பாதுகாக்கப்படவில்லை. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டுப் படிவங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தந்தையின் கையெழுத்தை, மைக் கறையோடு, அப்படியே காணலாம். ஸ்காட்லாந்தில் எஞ்சியது கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய ஏடு மட்டுமே. ஆகவே நாம் படிக்கும் ஒவ்வொரு வரியும் ஒருவர் சொல்லி, இன்னொருவர் எழுதி, மூன்றாமவர் பார்த்து எழுதியதாக இருக்கக்கூடும். வரும் வழியில் மாறியவை பல.

முதலில் மாறியது பெயர். ஏடு முழுவதும் ஆங்கிலம். வீட்டிலே இயன் என்று அழைக்கப்பட்டவன் ஏட்டில் ஜான் ஆனான். ருவரி ரோடரிக் ஆனான். மொராக் என்ற பெண்ணை ஒரு ஏட்டில் மேரியன் என்றும் இன்னொன்றில் சாரா என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் அவளே. போதாக்குறைக்கு, பாரா தீவில் தடுக்கி விழுந்தால் மக்நீல் குடும்பப் பெயர்தான்! ஊரிலே ஒருவரை அறிந்தது அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் அடுக்கிச் சொல்லும் முறையால். இன்னாருடைய மகனின் மகன் இன்னார் என்றால் உடனே விளங்கிவிடும். அந்த அடுக்குப் பெயருக்கு ஏட்டில் பத்தி இல்லை. எனவே ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே தொழில் உள்ள மூன்று நான்கு பேர் ஒரே பங்கில் வருகிறபோது, மனைவியின் பெயரையும் வீட்டின் பெயரையும் பார்த்தே ஆளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மொழிக்கென்று இருந்த பத்தியில் கேலிக் மட்டும் பேசுகிறவருக்கு "ஜி" என்ற ஆங்கில எழுத்து; ஆங்கிலமும் பேசினால் "ஜி அண்டு ஈ". இரண்டெழுத்துக்குள் எவ்வளவு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது பாருங்கள்! நாடு முழுவதிலும் 1901இல் கேலிக் மட்டுமே அறிந்தவர் 28,106 பேர். 1911இல் 18,400 பேர். பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்குப் போனார்கள். அங்கே பாடம் ஆங்கிலத்தில். ஆகவே ஒரே வீட்டில் பாட்டிக்கு நேரே "ஜி", பேத்திக்கு நேரே "ஜி அண்டு ஈ" என்று வருவது சாதாரணம். வாசலில் நின்ற கணக்கெடுப்பாளருக்கும் பாட்டிக்கும் நடுவே அந்தப் பேத்தி எத்தனை முறை மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பாளோ!

சாளரப் பத்தி வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு வீட்டில் ஒன்றோ அதற்கு மேலோ சாளரம் உள்ள அறைகள் எத்தனை என்ற அந்தக் கேள்வியை 1861 முதலே ஸ்காட்லாந்தில் கேட்டு வந்தார்கள். பாராவில் அன்று கற்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட தாழ்ந்த வீடுகள் நிறைய. நடுவில் கரி அடுப்பு; கரி என்றால் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காய வைத்த புல்கரி. நகரத்துத் தொழிலாளர் நிலையும் இதைவிட மேலானதன்று. கிளாஸ்கோவின் அடுக்கு வீடுகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் வாழ்ந்தது. 1911ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓரறை அல்லது ஈரறை வீட்டில் இருந்தார்கள். இங்கிலாந்தில் அந்த விழுக்காடு 7 அளவிலேயே இருந்தது. தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி 1912இல் அமைத்த அரசு விசாரணைக் குழு 1917இல் தந்த அறிக்கை இத்தகைய எண்களைக் காட்டியே, வீடு கட்டித் தருவது அரசின் பொறுப்பு என்று வாதாடியது. சாளரம் எண்ணிய வேலை வீண் போகவில்லை.

மாணவியர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது தொழில் பத்தியை. குடும்பத் தலைவனுக்கு நேரே மீனவன் அல்லது சிறு நிலக்காரன் என்று இருக்கும். பள்ளிப் பிள்ளைக்கு நேரே மாணவி என்று இருக்கும். மனைவியின் பெயருக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடம். பசு கறந்தவள், கரி சுமந்தவள், கடற்பாசி வாரி நிலத்துக்கு உரமிட்டவள், கம்பளி நூற்றவள் அவளே. வீட்டு வேலை தொழில் ஆகாது என்பது கணக்கின் கொள்கை.

மணமாகாத பெண்களின் கதை வேறு. கோடைக்காலம் வந்தால் இத்தீவுகளின் இளம் பெண்கள் குழு குழுவாகப் புறப்பட்டு, வடக்கே ஷெட்லாந்து, கிழக்கே பீட்டர்ஹெட், பிறகு தெற்கே இங்கிலாந்தின் யார்மவுத் என்று ஹெரிங் மீன் கூட்டத்தைத் தொடர்ந்து போவார்கள். மூவர் சேர்ந்தது ஓர் அணி. இருவர் மீனைக் கீறிக் குடல் எடுக்க, ஒருத்தி உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவாள். கத்தி பட்டுவிடாமல் விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். குடும்பத்துக்குக் காசு கொண்டு வந்த வேலை அது. கணக்கெடுத்ததோ மார்ச் முடிவில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். அந்தப் பருவம் தொடங்கும் முன்னே. ஆதலால் பெண்கள் தந்தை வீட்டில் இருந்தார்கள். ஏட்டில் மகள் என்று ஏறினார்கள். அவர்கள் அலைந்த தொலைவை அந்தப் பக்கத்தைக் கொண்டு அறிய வழியில்லை.

1911இல், ஏப்ரல் 2ஆம் நாள் இரவுக்கான கணக்கில், ஒரு புதிய கேள்வி சேர்ந்தது. மணமான பெண்ணைப் பற்றியது. மணமாகி எத்தனை ஆண்டு? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் இப்போது இருப்போர் எத்தனை?

பிறப்பு விகிதம் குறைந்து வந்ததைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலை இருந்தது. எந்த வயதில் மணந்தால் எத்தனை பிள்ளை, எந்தத் தொழில் செய்வோர் வீட்டில் எத்தனை பிள்ளை என்று அறிய விரும்பினார்கள். எடின்பரோ அலுவலகத்தின் புள்ளிவிவரப் பொறுப்பாளராக இருந்த டாக்டர் கிராஃபர்ட் டன்லப் இந்த விடைகளை ஆராய்ந்து 1914இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது அறிஞர்களின் பயன். ஏட்டைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பத்தி வேறு விதமாகப் பேசுகிறது. ஒரு தாயின் பெயருக்கு நேரே 9 என்றும் 6 என்றும் இரண்டு எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. அந்த மூவரின் பெயர் இந்த ஏட்டில் இல்லை. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே பிறந்து இறந்த குழந்தை எந்த மக்கள் தொகை ஏட்டிலும் வராது. ஆனால் தாய் இருந்ததைச் சொன்னாள். அல்லது அவள் சொல்லக் கேட்டுக் கணவன் எழுதினான். 1911க்கு முன்பு எந்த அரசு ஏடும் இப்படி வீடு வீடாக வந்து அவளைக் கேட்டதில்லை. இத்தனை ஏடுகளிலும் நெஞ்சைத் தொடும் பத்தி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உடற்குறைப் பத்தி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. செவிடு ஊமை, குருடு, பைத்தியம், புத்தி மந்தம் என்று அந்தக் காலத்துக் கடுஞ்சொற்களாலேயே கேட்டார்கள். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு நேரே அவ்வாறு எழுதச் சம்மதிப்பாள்? 1921இல் அக்கேள்வியை விட்டுவிட்டார்கள்.

பாரா ஏட்டில் சில வீடுகளில், மக்நீல் பிள்ளைகளுக்கு நடுவே வேறு குடும்பப் பெயரோடு ஒரு சிறுமியோ சிறுவனோ வருவது உண்டு. உறவு என்ற பத்தியில் வீட்டில் தங்கியிருப்பவர் என்றிருக்கும். பிறந்த இடம் கிளாஸ்கோ. பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் காக்க இயலாத நகரத்துக் குழந்தைகளைத் தீவுகளுக்கு அனுப்பி, அங்குள்ள வீடுகளில் வளரச் செய்வது அன்றைய ஏழைகள் உதவி முறையில் ஒன்று. கத்தோலிக்கக் குழந்தைகளைப் பாரா, தென் உயிஸ்ட் போன்ற கத்தோலிக்கத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். சிலர் அன்பான வீட்டை அடைந்தார்கள். சிலர் வேலையாட்களாகவே நடத்தப்பட்டார்கள். எது எந்த வீடு என்று ஏடு சொல்லாது. ஆங்கிலம் மட்டும் அறிந்து வந்த குழந்தைக்கு நேரே சில ஆண்டுகளில் "ஜி அண்டு ஈ" என்று விழுந்திருந்தால், ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடியது என்று மட்டும் தெரிகிறது.

இவர்கள் கத்தோலிக்கர் என்பதையாவது ஏடு சொல்லுகிறதா? இல்லை. ஸ்காட்லாந்து மக்கள் தொகைக் கணக்கில் மதத்தைப் பற்றிய கேள்வி 2001இல்தான் முதன்முறையாக வந்தது. அயர்லாந்திலோ 1861 முதலே அதைக் கேட்டார்கள். அங்கே படிவம் கொண்டு வந்தவர்கள் போலீஸ்காரர்கள் என்பது இன்னொரு வேறுபாடு. பாரா ஏட்டின் தலைப்பில் சமயப் பங்கு என்று காணப்படுவது ஸ்காட்லாந்துத் திருச்சபை எனப்படும் சீர்திருத்தச் சபையின் பங்கே. ஏட்டை மட்டும் படிக்கிறவர் அந்தத் தீவில் ஒரு பூசையும் நடக்கவில்லை என்றே எண்ணக்கூடும்.

1901 ஏட்டையும் 1911 ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பூட்டுவது மிங்குலே. பாரா பங்கைச் சேர்ந்த, செங்குத்தான பாறைகள் கொண்ட சிறு தீவு அது. 1901இல் அங்கே 135 பேர். 1911இல் 11 பேர்! கொள்ளை நோய் ஏதும் வரவில்லை. நல்ல துறையில்லாத அந்தத் தீவில் படகை இறக்குவதே உயிர்ப் போராட்டம். மிங்குலேயிலும் பாராவிலும் நிலமில்லாமல் இருந்த சிலர், ஒரே பண்ணையாகக் கிடந்த வாட்டர்சே தீவில் 1906 முதல் துணிந்து குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். நிலச் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தார். 1908இல் பத்துப் பேருக்கு எடின்பரோவில் இரண்டு மாதச் சிறை. நாடெங்கும் அவர்கள்பால் இரக்கம் பிறந்தது. 1909இல் அரசே வாட்டர்சேயை விலைக்கு வாங்கிச் சிறு நிலங்களாகப் பிரித்துக் கொடுத்தது. எனவே பத்தாண்டுக்கு முன் சில வரிகளில் முடிந்த வாட்டர்சே, 1911 ஏட்டில் பல பக்கங்களுக்கு நீண்டது. மிங்குலேயின் எஞ்சிய மக்களும் 1912இல் வெளியேறினார்கள். கணக்கெடுப்பாளருக்கு இவையெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் எழுத வேண்டியதோ பெயரும் வயதும்தான்.

1911இல் எண்ணப்பட மறுத்தவர்களும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள், எங்களைக் குடிமக்களாக மதிக்காத அரசு எங்களை எண்ணவும் வேண்டாம் என்றார்கள். எடின்பரோவில் ஒரு மரக்கறி உணவு விடுதியில் பெண்கள் கூடி அந்த இரவைக் கழித்தார்கள். இலண்டனில் எமிலி டேவிசன் என்பவர் பாராளுமன்றக் கட்டடத்துச் சிற்றாலயத்தின் அலமாரிக்குள் ஒளிந்து கொண்டார். கணக்குக்குத் தப்பவில்லை, பாராளுமன்றத்தில் தங்கியவராகவே பதிவாகிவிட்டார்!

அடுத்த கணக்கு 1921 ஏப்ரலில் நடக்க வேண்டியது. நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தால் ஜூன் 19க்குத் தள்ளிப் போயிற்று. ஜூன் என்றால் அங்கே விடுமுறைக் காலம். கிளாஸ்கோ மக்கள் உல்லாசமாகப் போகும் பியூட் மாவட்டத்தில் 1911இல் சுமார் 18,000 பேர் இருந்தார்கள். 1921 கணக்கில் அது 33,000ஐத் தாண்டிவிட்டது. ஒரே இரவை வைத்து எண்ணுவதில் இப்படியும் ஒரு சங்கடம்.

இந்த ஏடுகளை நூறு ஆண்டுகள் மூடி வைப்பது அங்குள்ள முறை. 1911 ஏடு 2011இலும், 1921 ஏடு 2022இலும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. இப்போது கணினியிலேயே அந்தப் பக்கங்களின் படத்தைப் பார்க்கலாம். 1941இல் போர் காரணமாகக் கணக்கு எடுக்கவில்லை. 1931ஆம் ஆண்டு இங்கிலாந்து ஏடுகள் 1942இல் நேர்ந்த தீயில் எரிந்து போயின. ஸ்காட்லாந்தின் ஏடுகள் தனியே இருந்தபடியால் தப்பின. நூறு ஆண்டு நிறைந்ததும் அவற்றையும் திறப்பார்கள்.